ஐந்தாவது விதியில் நான் வெட்டிய வரிகள்

1

இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு, நனையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் ஒட்டியது, மொத்தம் எட்டு விதிகள். வெள்ளம் வந்தால் பூட்டிய வீடுகளில் மாட்டிக்கொண்ட நாய், பூனை, ஆடு, மாடுகளை எப்படித் தேடுவது, எப்படித் தூக்குவது, எங்கே கொண்டு சேர்ப்பது என்று பயிற்சிக்கு வந்த தன்னார்வலர்களுக்காக அச்சடித்தது. எழுதியவன் நான். என் எழுத்தில் படித்தவர்கள் படித்தபடியே நடந்துகொண்டது அது ஒன்றுதான். என் கதைகளைப் படித்துவிட்டு யாரும் எதுவும் செய்ததில்லை. அதனால் யாருக்கும் கெடுதலும் வந்ததில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போகத் தைரியம் குறைந்துவிடும். அந்த அட்டையின் ஐந்தாவது விதியில் சில வரிகளை வெட்டினேன். அதனால் ஒரு நாய் செத்தது. அதற்காக ஒரு தையல்காரர் ஒன்பது மாதமாகத் தலைகுனிந்து நடக்கிறார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லத் துப்பில்லாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். இந்தக் கதையில் எதையும் வெட்டுவதில்லை. பாதியில் நின்ற வாக்கியம், சொதப்பல், பொய் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

கருமேகங்கள் திரண்டு வந்த அந்தப் பிற்பகலில், நதி தன் கரைகளை மறந்து

(நதிக்கு என்ன மறதி? மேலே அணையின் மதகைத் திறந்தார்கள், கீழே தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்:

வேன் அக்காவுக்கு நாய்களைக் கண்டாலே ஆகாது.

(சுத்தப் பொய். உங்களை இழுத்து உட்கார வைக்கப் போட்டது. இந்த வித்தையெல்லாம் எனக்குக் கைவந்த கலை, அதுதான் என் பிரச்சினையும்.)

மூன்றாவது தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

வேன் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இந்தக் கதையில் வரும் வெள்ளத்துக்கு முந்தைய வெள்ளத்தில் பிள்ளைகளையெல்லாம் வீடு சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில், சுவர் மேல் நின்ற இரண்டு ஆடுகளையும் ஒரு கூண்டுக் கிளியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் அதே வேனில் முப்பத்தேழு பிராணிகள். எட்டு இடத்தில் கடி வாங்கினார், ஊசி போட்டுக்கொண்டார். தண்ணீர் வடிந்ததும், “எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பண்றது? இன்னும் பத்துப் பேருக்காவது தெரியணும்ல” என்று வகுப்பு நடத்த ஆரம்பித்தார்.

லாரிகள் நிறுத்தும் கொட்டகையில், காலை வேன் ஓட்டம் முடிந்து மாலை ஓட்டம் தொடங்குவதற்குள் வகுப்பு. பூனையைத் தலையணை உறைக்குள் எப்படி இறக்குவது, கடிக்க வரும் நாயின் வாயைத் துணிப்பட்டையால் எப்படிக் கட்டுவது, மாட்டை ஏன் முன்னாலிருந்து இழுக்கக் கூடாது, எல்லாம் கையால் செய்து காட்டுவார். பாதிப் பேர் முதல் நாளோடு காணாமல் போனார்கள். மிஞ்சியவர்களில் கெட்டிக்காரர் தையல்காரர். கடைத்தெருவில் ஒற்றை மெஷின் போட்டிருப்பவர், அதிகம் பேசாத மனிதர். பழைய படுக்கை விரிப்புகளை வாங்கி, வாய்ப்பகுதியில் நாடா வைத்து, பூனைகளுக்கென்றே நாற்பது பைகள் தைத்துக் கொண்டுவந்தார். தலையணை உறையில் மூச்சு முட்டுமோ என்று பக்கத்தில் வலைத்துணி வைத்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

3

இங்கே மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேனேஜர் வேன் அக்காவின் நாய். யார் வந்தாலும் சத்தம் போடும், நாற்காலி காலியானால் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேலை எதுவும் செய்யாது. அதனால் அந்தப் பெயர்.

வீடு தேடும் பாடத்துக்கு மேனேஜர்தான் மாதிரி. கொட்டகையின் சாமான் அறையில் அதைப் பூட்டிவைத்து, ஒவ்வொருவராகப் போய்க் கதவைத் தட்டச் சொல்வார் அக்கா. விரல் கதவில் பட வேண்டியதுதான், உள்ளேயிருந்து மேனேஜர் கூரை அதிரக் குரைக்கும். உடனே கதவில் மெழுகுக் கட்டியால் வட்டம் போட வேண்டும். வட்டம் என்றால் உள்ளே உயிர் இருக்கிறது, பூட்டை உடைக்க ஆள் அனுப்பு என்று பொருள். வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால், பார்த்தாகிவிட்டது, வீடு காலி. பின்னால் வரும் குழு கோட்டைப் பார்த்தால் நிற்காமல் போய்விடும்.

பதினாலு பேர் தட்டினோம். பதினாலு முறையும் மேனேஜர் குரைத்தது. எல்லோரும் சிரித்தோம். சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார், தையல்காரர்தான் என்று நினைக்கிறேன்.

“அதெல்லாம் அட்டையில வருது. சார் எழுதிட்டு இருக்காரு. விவரமா இருக்கும், படிச்சுக்கங்க” என்றார் அக்கா. மாலை வேனுக்கு நேரமாகியிருந்தது.

4

நான்தான் அந்தச் சார்.

பூனைப் பை திறக்கத் தெரியாதவன், மாட்டைக் கண்டால் மூன்றடி தள்ளி நிற்பவன். ஒரு கதைக்குத் தகவல் கிடைக்குமே என்றுதான் வகுப்புக்குப் போனேன். அதைக் கண்டுபிடித்துவிட்ட அக்கா, “சும்மா உக்காந்து பாக்குறதுக்கு நீங்க என்ன மேனேஜரா? எழுதுறவர்தானே, எங்களுக்கு ஒரு அட்டை எழுதிக் குடுங்க” என்றார். அவர் பேசப் பேச போனில் பதிவு செய்துகொண்டேன். ஐந்தாவது விதிக்கு அவர் சொன்னது இது. பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரு சொல் விடாமல் தருகிறேன்:

“கதவைத் தட்டுங்க. சத்தம் வந்தா வட்டம் போடுங்க. வரலையா, அதுக்காக உள்ள ஒண்ணும் இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க. பயந்த பிராணி வாயே திறக்காது. சிலது மயங்கிக் கிடக்கும், சிலதுக்குக் காதே கேக்காது. வீட்டைச் சுத்தி வாங்க. எல்லா ஜன்னல்லயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கட்டிலுக்கு அடியில, பரண் மேல, சமையல் மேடை மேல. கண்ணால பாத்த பிறகுதான் கோடு. பாக்க முடியலையா, கோடு போடாதீங்க, வட்டத்தோட விட்டுட்டு வாங்க.”

அச்சகத்தில் ஒரு விதிக்கு இரண்டு வரிதான் இடம் என்றார்கள். எழுத்தைச் சின்னதாக்கியிருக்கலாம். அட்டையைப் பெரிதாக்கியிருக்கலாம். இரண்டு அட்டை போட்டிருக்கலாம். நான் என்ன எழுதினேன் தெரியுமா?

“தட்டுங்கள். குரல் வந்தால் வட்டம். வராவிட்டால் வட்டமும் கோடும்.”

எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எவ்வளவு கச்சிதம் என்று எனக்கே சந்தோஷம்.

(பக்கத்தில் ஒரு குறிப்பு: அக்காவிடம் அட்டையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடி வேனில் இருந்தது. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு சார்” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாயிருந்தது. ‘கண்ணாடி போட்டுப் படியுங்கள் அக்கா’ என்று நான் சொல்லவில்லை.)

5

வெள்ளம் வந்தது. அதைப் பற்றி நாலு பக்கம் வர்ணிக்கலாம், மனசு வரவில்லை.

தையல்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்று கௌரவமாகச் சொல்கிறேன், ஆசை என்பதுதான் உண்மை. அவர் கொஞ்சம் அசட்டையான ஆளாக இருந்திருந்தால் என் பாரம் குறையும். அப்படி எழுதியும் பார்த்தேன்:

தையல்காரர் சலிப்போடு கதவை ஒப்புக்குத் தட்டினார். அவர் மனம் கடையில் பாதியில் கிடந்த

(அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர். அவர் மேல் இப்படி ஒரு பழியைப் போடப் பார்த்தேன். இந்த வாக்கியத்தை அழிக்க வேண்டும் போலிருக்கிறது. நிபந்தனையால் விட்டுவைக்கிறேன்.)

நடந்ததை, எங்கள் வகுப்பிலிருந்து அவரோடு ஜோடியாகப் போன வங்கிக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். தெருவின் கடைசி வீடு. தண்ணீர் அப்போது வாசல் படிகளுக்குக் கீழே இருந்தது. தையல்காரர் தட்டினார், சத்தமில்லை. மறுபடி தட்டினார். “யாராவது இருக்கீங்களா? டேய் செல்லம்!” என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாலு தடவை தட்டிவிட்டுக் குனிந்தார்.

“இங்க பாருங்க. கதவுக்குக் கீழ கீறல் இருக்கு. நாய் பிறாண்டின மாதிரி இல்ல?”

“பழசா இருக்கும்ணா. தண்ணி ஏறிட்டே வருது. இன்னும் ரெண்டு தெரு பாக்கி” என்றார் வங்கிக்காரர்.

“மனசு ஒப்பல. உள்ள ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு.”

“அட்டையில என்ன போட்டிருக்கு?”

தையல்காரர் பையிலிருந்து அட்டையை எடுத்தார். மழையில் ஒரு கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு ஐந்தாவது விதியைச் சத்தமாகப் படித்தார். மனப்பாடமாகத் தெரியும், ஆனாலும் படித்தார். கதவுக் கீறலை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வட்டம் போட்டு, குறுக்கே கோடு இழுத்தார். துணியில் கோடு போட்டுப் பழகிய கை, கோணலே இல்லாத வட்டம் என்றார் வங்கிக்காரர்.

மழைக்கும் தண்ணீருக்கும் அஞ்சாமல் என் வாக்கியத்தைச் சத்தமாகப் படித்த ஒரே வாசகர் அவர். தன் கண்ணை நம்பியிருக்கலாம், மனசை நம்பியிருக்கலாம். என் எழுத்தை நம்பினார்.

6

அந்த வீட்டுக்காரியைத் தபாலம்மா என்று வைத்துக்கொள்வோம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். காலையிலேயே படகில் ஏற்றிவிட்டார்கள். பிராணிகளுக்கு இடமில்லை, பின்னால் ஆட்கள் வந்து எடுத்து வருவார்கள் என்று சொன்னார்கள். எங்களைத்தான் சொன்னார்கள்.

பிராணிகளைச் சேர்த்து வைத்திருந்த பள்ளிக்கூட மைதானத்தில் பதிவேடு என் பொறுப்பு. மேஜை, நாற்காலி, பேனா; தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. தபாலம்மா வந்து அடையாளம் சொன்னார். பழுப்பு நிறம், வயசான நாய், ஒரு காது மடிந்திருக்கும். இரண்டாவது குழுவைக் கேட்டேன். “கடைசி வீடா? கோடு போட்டிருந்துச்சு சார். காலி. முன்னாடியே எடுத்திருப்பாங்க” என்றார்கள்.

“எடுத்துட்டாங்களாம்மா. இங்கதான் எங்கேயாவது இருக்கும். தேடிப் பாருங்க” என்று சொன்னேன்.

அவர் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் குனிந்து, கம்பியில் விரலை வைத்து, நாய் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கடைசிவரை போய், தான் பார்க்கத் தவறிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுநாளும் வந்தார். “அடுத்த லாரியில வரும்மா” என்று வாய் கூசாமல் சொன்னேன். நாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது அப்போது எனக்கும் தெரியாது, எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து வீட்டைத் திறந்தார்கள். நாய் சமையல் மேடை மேல் கிடந்தது. முடிந்த மட்டும் உயரமான இடத்துக்கு ஏறியிருக்கிறது, தண்ணீர் மேடைக்கு மேலேயும் ஒரு முழம் ஏறியிருக்கிறது. பின்பக்க ஜன்னலில் நின்று பார்த்தால் நேரே அந்த மேடைதான் தெரியும்.

தபாலம்மா எங்களைத் திட்டவில்லை. கதவிலிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “அதுக்குக் காது கேக்காதுங்க. நாலு வருஷமா கேக்காது. கதவைத் தட்டினா அதுக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். தையல்காரர் அங்கேதான் நின்றார். அன்று போனவர்தான், பிறகு வகுப்புப் பக்கமே வரவில்லை.

7

இனி முடிவுகள். மொத்தம் மூன்று, அதில் இரண்டை நானே எழுதிவைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: அக்காவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் ஓங்கி ஒரு அறை விடுகிறார். நான் அழுகிறேன். மனசு லேசாகிறது. (யாருக்கு லேசாகிறது? எனக்கு. அப்படியானால் வேண்டாம்.)

முடிவு இரண்டு: தையல்காரர் ஒரு குட்டி நாயைத் தபாலம்மாவிடம் கொடுக்க, அவர் அதை வாரி அணைத்து

(இதை எழுதிய பேனாவை உடைத்துப் போடலாம்.)

முடிவு மூன்று நான் எழுதியதல்ல, நடந்தது. போன வாரம் கொட்டகைக்குப் போனேன். அடுத்த மழைக்கு முன்னால் வகுப்பை மறுபடி ஆரம்பித்திருக்கிறார் அக்கா, புது ஆட்களை வைத்து. வேன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்த ஆறு பகுதிகளையும் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் படித்தார்.

“இதைச் சொல்றதுக்கா ஒன்பது மாசம்? எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அட்டை என்கிட்டயும் இருக்குல்ல” என்றார்.

“ஏன் அக்கா கேக்கல?”

“எந்த வாயால கேக்கறது? அழகா இருக்குன்னு தலையாட்டினது நான்தானே. கேக்குறவங்ககிட்டயெல்லாம் மேனேஜர் மேல பழியைப் போட்டேன். அது குரைச்சுக் குரைச்சு எல்லாரையும் கெடுத்துடுச்சுன்னு. நாய் எதிர்த்துப் பேசாது பாருங்க, வசதியாப் போச்சு.” காகிதங்களை மடித்து என் கையில் வைத்தார். “உங்க மேல பாதி, என் மேல பாதி. ஆனா முழுசையும் அந்த மனுஷன் சுமக்கிறாரு. நான் ரெண்டு தடவை போனேன் சார். வாயே வரல. பை தைக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்களாவது போய்ச் சொல்லுங்க.”

“அவர் வகுப்புக்கு வருவாரா அக்கா?”

“அது அவர் இஷ்டம். வர்றதுக்காகச் சொல்லாதீங்க. உண்மைங்கறதுக்காகச் சொல்லுங்க.”

8

போனேன். இதோடு மூன்றாவது தடவை. முதல் தடவை என்ன வேணும் சார் என்று கேட்டார், ஒரு சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை இன்னொரு சட்டை. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

இன்று மத்தியானம் கடையில் யாருமில்லை. இன்று சொல்லியே தீர்வது என்று வாசலிலேயே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். உள்ளே நுழைந்ததும் அவரே எழுந்தார்.

“நல்ல வேளை சார் வந்தீங்க. உங்களைத்தான் நினைச்சேன். ஒரு லெட்டர் எழுதித் தரணும். எனக்கு எழுத வராது.”

“யாருக்குங்க?”

“அந்த அம்மாவுக்கு. ஒன்பது மாசமா அந்தத் தெரு வழியா போக முடியல. நேர்ல பேசினா அழுதுடுவேன். நீங்க எழுதுறவர், உங்களுக்கு வார்த்தை வரும்.”

ஒரு வெள்ளைத்தாளை மெஷின் பலகை மேல் விரித்தார். பேனாவை என் கையில் கொடுத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே சொன்னார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி.

“அம்மா, உங்க வீட்டுக் கதவைத் தட்டினது நான்தான். நாலு தடவை தட்டினேன். சத்தம் வரல. கதவுல கீறல் இருந்துச்சு, அதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். பின்பக்கம் போய்ப் பார்க்கணும்னு எனக்குத் தோணல. அது என் தப்பு. கோடு போட்டதும் நான்தான். அந்தக் கோடு போடாம இருந்திருந்தா அடுத்து வந்தவங்களாவது பார்த்திருப்பாங்க. உங்க நாய் என்னாலதான் செத்துச்சு. மன்னிக்கணும்னு கேக்கல. தெரியணும்னு சொல்றேன்.”

எழுதினேன். பின்பக்கம் போக வேண்டும் என்று அவருக்குத் தோணாததற்குக் காரணம் யார் என்று என் கைக்குத் தெரியும், ஆனாலும் அது எழுதிக்கொண்டே போனது.

“அட்டையைப் பத்தி ஏதாவது எழுதணுமா?” என்று கேட்டேன்.

“அட்டை என்ன சார் பண்ணும்? அட்டைக்குக் கண்ணா இருக்கு? எனக்குத்தானே இருந்துச்சு” என்றார். பிறகு எட்டிப் பார்த்தார். “எல்லாம் வந்துடுச்சா? எதையும் விட்டுடலையே? அந்த அம்மாவுக்கு முழுசாத் தெரியணும் சார்.”

கடைசி வரிக்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கும் நடுவே தாளில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது.

“குடுங்க சார், கையெழுத்துப் போடுறேன்” என்று கையை நீட்டினார்.

இதற்கு மேல் நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அந்த நாலு வரியை எழுதினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. எழுதவில்லை என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. என் புத்தி உங்களுக்கு இவ்வளவு நேரத்தில் தெரிந்திருக்கும். தாளும் பேனாவும் உங்களிடம் இருக்கட்டும். நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியும், என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.